மறுபடி வராத அடி

மறுபடி வரவில்லை. கன்னின் நுனியைத் திருகாணித் தலைமேல் நேராக நிறுத்தி விசையை இழுக்கிறேன். டப். பம்பின் திரையில் பச்சை எண் ஒருமுறை சிமிட்டிவிட்டு நிலைத்து நிற்கிறது. நல்ல பிள்ளை. இன்னொன்று. டப். நல்ல பிள்ளை. காலையில் ஒரே ஒரு தடவை வேறு மாதிரி ஆனது, அது இப்போது வரமாட்டேன் என்கிறது. வந்ததா, இல்லை வந்ததாக நான்தான் நினைத்துக்கொண்டேனா? வந்தது. பார்த்தேன். பார்த்தேன் என்பதற்கு இந்த இரண்டு கண்ணைத் தவிர வேறு சாட்சி இல்லை. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். இந்தப் பம்பைக் கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த இன்ஜினியர் தணிகைவேல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டியவர், அப்போது வராந்தாவில் போனில் பேசிக்கொண்டிருந்தார். அம்பத்தூரில் இந்தச் சோதனைக்கூடத்தில் எனக்கு இதுதான் வேலை, ஒரு மெஷின் ஆஸ்பத்திரிக்கோ கடைக்கோ போவதற்கு முன்னால் அதற்கு அடி கொடுத்துப் பார்ப்பது. ஏசி அறையில் நைலான் புடவையோடு நடந்துபோய்க் கதவுப் பிடியைத் தொட்டால் விரலில் சுரீரென்று ஒன்று கடிக்குமே, அதே அடிதான். நமக்கு அது ஒரு சுரீர், உள்ளே நுணுக்கமாகச் சில்லு வைத்த மெஷினுக்கு இடி விழுந்த மாதிரி. அந்த இடியை எட்டாயிரம் வோல்ட்டில் அளந்து கொடுக்கிற கருவி என் கையில் இருக்கிறது, பார்க்கத் துப்பாக்கி போலவே இருப்பதால் எல்லாரும் கன் என்றுதான் சொல்கிறோம். பம்பு என்பது தண்ணீர் பம்பு இல்லை. ஊசி மருந்து அடைத்த சிரிஞ்சை இதில் படுக்கவைத்தால் அது மெதுவாக, கண்ணுக்கே தெரியாத மெதுவில், மருந்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். குறைமாதத்தில் பிறந்து உள்ளங்கையில் அடங்குகிற பிள்ளைகளுக்கு வைப்பது. அதனால்தான் காலையிலிருந்து இதை விட முடியாமல் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

காலையில் நடந்தது இவ்வளவுதான். அடித்தேன். எண் சிமிட்டவே இல்லை. ஓடுகிறது என்று காட்டும் அந்தச் சின்ன அம்புக்குறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, அலாரம் இல்லை, சிவப்பு விளக்கு இல்லை, எல்லாம் சரியாக இருந்தது. குழாயின் நுனியில் சொட்டு மட்டும் வளரவில்லை. தற்செயலாகத்தான் அதைப் பார்த்தேன், வேறெதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் பார்த்திருக்க மாட்டேன். ஒரு சொட்டு உருண்டு திரண்டு விழும் நேரத்துக்கும் அதிகமாகவே காத்திருந்தேன், அது அரைச் சொட்டாகவே தொங்கியது. சிரிஞ்சின் தண்டு அசையவில்லை. திரை ஓடுகிறது என்கிறது, மருந்து ஓடவில்லை. பிறகு நான் செய்ததுதான் இப்போது என்னைப் பிடுங்கித் தின்கிறது. யாரையும் கூப்பிடவில்லை, போனில் ஒரு படம்கூட எடுக்கவில்லை, கை தானாகப் போய் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிவிட்டது. வீட்டில் டிவி நின்றால் செய்கிற மாதிரி. ஆன் பண்ணியதும் நல்ல பிள்ளையாக ஓட ஆரம்பித்துவிட்டது. தணிகைவேல் உள்ளே வந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார், "ஏனுங்க மேடம், கன்னைச் சரியா வெச்சுத்தானுங்க அடிச்சீங்க? தப்பா நெனச்சுக்காதீங்க." வைத்தேன் என்றேன். கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டேன், அந்த அவசரம் அவருக்குத் தெரிந்திருக்குமோ? சாதாரணமாக இருக்கிறவர்கள் ஒரு நொடி யோசித்துவிட்டு, ஆமாங்க என்பார்கள். எனக்கு யோசிக்கப் பயம். கன்னின் நுனி திருகாணியை ஒட்டி நிற்க வேண்டும், மயிரிழை விலகினாலும் நடுவில் பொறி பறந்து அடியின் குணமே மாறிப்போகும், விதியில் எழுதியிருக்கிற அடி இல்லை, வேறு ஒரு அடி, வேறு ஒரு வேகம். கை ஆடினால் விலகும். கை ஆடுகிறதா?

ஆடுகிறது. இப்போது இல்லை, கன்னைப் பிடித்திருக்கும்போது ஆடுவதில்லை, அதுதான் இதிலுள்ள வஞ்சகம். சும்மா மடியில் வைத்திருந்தால் வலது கைக் கட்டைவிரல் மட்டும் தனியாக, நான் சொல்லாமலே, ஆள்காட்டி விரல்மேல் உருட்டுகிறது, மாத்திரை உருட்டுகிற மாதிரி. எதையாவது பிடித்துக்கொண்டால் நின்றுவிடும். அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. நாகர்கோவில் சர்ச்சில், பாட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்ததும் அம்மாவின் விரல் ஆடியது, "என்னம்மா" என்றபோது, "ஒண்ணுமில்ல மக்கா, குளிருது" என்றாள், அந்தச் சித்திரை வெயிலில். இப்போது தம்பிதான் அவளுக்குச் சோறூட்டுகிறான். சட்டைப் பொத்தானைப் போட அவளால் முடியாது, சிரிக்க நினைத்தாலும் முகம் சிரிக்காது, உள்ளே சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று நாமாக நினைத்துக்கொள்ள வேண்டும். அது அம்மாவின் நோய். பிள்ளைக்கும் வருமா என்று நான் டாக்டரைக் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார். என் வீட்டுக்காரர் வின்சென்ட்டிடமும் சொல்லவில்லை. வீட்டில் கையில் எப்போதும் கரண்டியோ துணியோ சீப்போ இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்கிறேன், "நீ ஏன் பிள்ள சும்மாவே உக்கார மாட்டேங்க" என்று அவர்கூடச் சிரித்தார். இங்கே கன் இருக்கிறது. கன் கையில் இருக்கும்வரை நான் நல்ல கைக்காரி. ஆனால் அது நிஜமா? பிடித்திருக்கும்போது துளிகூட ஆடவில்லை என்று யார் அளந்து பார்த்தார்கள்? காலையில் அந்த ஒரு அடியில் ஆடியிருந்தால்? அப்படியென்றால் பம்பு நல்ல பம்பு, கெட்டது நான். ஆடவில்லையென்றால் நான் நன்றாக இருக்கிறேன், பம்பு கெட்டது, ஏதோ ஒரு வார்டில் ஏதோ ஒரு பிள்ளைக்கு மருந்து நிற்கும், திரை ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டில் ஒன்று. எது என்று தெரிய அது மறுபடி வர வேண்டும். டப். நல்ல பிள்ளை.

எல்லாவற்றையும் மறுபடி காலையில் இருந்தபடியே வைத்தேன். ஈரப்பதம் பார்த்தேன், அதே. மேஜைமேல் தகடு, அதன்மேல் காப்பு விரிப்பு, விரிப்பில் பம்பின் நான்கு காலுக்கும் காலையிலேயே பென்சிலால் வட்டம் போட்டிருந்தேன், அதே வட்டத்தில் கால். கன்னிலிருந்து தரைத் தகட்டுக்குப் போகிற வயர் பம்பின் பக்கத்தில் வந்துவிடக் கூடாது, வந்தால் அடியின் பாதி அதன் வழியாக இறங்கிப் பம்பைத் தொந்தரவு செய்யும், அதைத் தூக்கி முக்காலியில் போட்டிருக்கிறேன். காலையிலும் முக்காலியில்தான் கிடந்ததா? கிடந்தது. கிடந்தது என்றுதான் நினைக்கிறேன். இப்படி ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனால் கடைசியில் மாறக்கூடியது ஒன்றே ஒன்றுதான் மிஞ்சுகிறது, அது என் மணிக்கட்டுக்குக் கீழே தொங்குகிறது. இன்டர்காமில் வரதராஜன் சார், எங்கள் கூடத்துக்குத் தலைவர், கெட்டவர் இல்லை, நிதானமானவர், "என்ன பியூலா, மறுபடி வந்துதா?" என்கிறார். "இல்ல சார்." "விதிப்படி எத்தனை அடிக்கணுமோ அத்தனை அடிச்சாச்சா?" "அதுக்கு மேலயே அடிச்சாச்சு சார்." "அப்புறம் என்னம்மா. மறுபடி வராதது ரிசல்ட் இல்ல. ஏதோ கை பிசகியிருக்கும். பாஸ் போட்டு அனுப்பு." கை பிசகியிருக்கும். அவருக்குத் தெரியாது, எல்லாரும் சொல்கிற வார்த்தைதான் அது, தெரிந்து சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தணிகைவேல் என் வாயையே பார்க்கிறார். பாஸ் என்றால் அவர் இன்றைக்கே ஊருக்குப் போகலாம். ஸ்டாண்டு ஒன்று இருக்கிறது. மூலையில் சாய்த்து வைத்திருக்கிறோம், மூன்று கால், மேலே கவ்வி, கன்னை அதில் மாட்டிவிட்டால் கையே வேண்டாம், நுனி திருகாணியைவிட்டு அசையாது, அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். காலையிலிருந்து அதை நான் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் மாட்டினால் தெரிந்துவிடும். மாட்டினால் என் கையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது, தணிகைவேல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கன்னைக் கீழே வைக்காமலே இடது கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிகிறேன். கொஞ்சம் நிதானப்படுத்திக்கொள்ளத்தான் குனிந்தேன், காது பம்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. டிக். என்ன அது? ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று நிமிரப்போகும்போது மறுபடி, டிக். உள்ளே மோட்டார் ஒரு பல் நகர்கிறது. ஓடவில்லை, நகர்கிறது, நகர்ந்துவிட்டுச் சும்மா இருக்கிறது, மூச்சுப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி நெடுநேரம் சும்மா இருக்கிறது, பிறகு மறுபடி, டிக். அவ்வளவு மெதுவாகத் தள்ள வேண்டுமென்றால் இப்படித்தான் தள்ள முடியும். பெரிய ஆளுக்கு வைத்தால் வேகமாகத் தள்ளும், இது பிள்ளைக்கு. காலையிலிருந்து நான் அடித்த அடியெல்லாம் அது சும்மா இருக்கும்போது விழுந்த அடி. தூங்குகிறவனைத் தட்டுவதும் படியில் கால் தூக்கி வைத்திருக்கிறவனைத் தட்டுவதும் ஒன்றா? அந்த ஒரு அடி மட்டும் டிக்கோடு சேர்ந்து விழுந்திருந்தால்? அப்படியென்றால் அது பிசகு இல்லை, அது எப்போதாவது வருவது, எப்போதாவதுதான் வரும், ஆனால் வரும். பத்து அடியில் வராது. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் ஒன்று போய் அதன்மேல் விழும். முகத்தில் சிரிப்பு வருகிறது. சந்தோஷமா இது? என் கை நல்ல கை என்று ஆகப்போகிறது என்கிற சந்தோஷம். சீ. பம்பு கெட்டதாக இருக்க வேண்டுமே கர்த்தாவே என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன், அதுவும் பிள்ளைகளுக்கு வைக்கிற பம்பு.

ஸ்டாண்டை இழுத்துவந்து கன்னை மாட்டுகிறேன். திருகி இறுக்குகிறேன், இறுக்கிக்கொண்டே இருக்கிறேன், இதற்கு மேல் இறுக்க ஒன்றுமில்லை. தானாக அடிக்கிற பட்டனைத் தட்டிவிட்டுப் பின்னால் வருகிறேன். டப். டப். டப். கை காலியாகிவிட்டது. உடனே கட்டைவிரல் ஆரம்பிக்கிறது, இதற்காகவே காத்திருந்த மாதிரி. சுடிதார் துப்பட்டாவுக்குள் வைக்கிறேன், துப்பட்டா ஆடுகிறது. கண்ணாடிப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு சொட்டைப் பார்க்கிறேன். சொட்டு வளர்கிறது, விழுகிறது, வளர்கிறது. டப் டப் என்ற சத்தத்துக்கு அடியில் டிக் கேட்கிறதா என்று காது தேடுகிறது. கேட்கிறது. இன்னும் கேட்கிறது. வரவில்லையென்றால் என்ன செய்வேன்? வரவில்லையென்றால் கைதான். பாஸ் போட வேண்டியதுதான், பாஸ் போட்டுவிட்டு வரதராஜன் சாரிடம் போய், இனிமேல் நான் கன் பிடிக்கக் கூடாது சார் என்று சொல்ல வேண்டியதுதான், ஏன் என்பார், சொல்ல வேண்டும், அம்மாவின் நோயின் பெயரை வாயால் சொல்ல வேண்டும், சொன்னால் அது என்னுடையதாகிவிடும். அம்மா கட்டிலில் புரண்டு படுக்க முடியாமல் தம்பியின் பெயரைக் கூப்பிடுகிற குரல், அந்தக் குரலும் வர வர மெலிந்து, பக்கத்து அறைக்குக்கூட எட்டாமல், அவள் தலைமாட்டில் அவன் ஒரு மணி வாங்கி வைத்தான், மணியை அடிக்கக் கை வர வேண்டுமே. நான் யாரைக் கூப்பிடுவேன்? சொட்டு. சொட்டு எங்கே? அரைச் சொட்டு தொங்குகிறது. விழும், இப்போது விழும். டப். டப். கன்னை நிறுத்துகிறேன். அறையில் ஏசியின் இரைச்சல் மட்டும். குனிகிறேன். டிக் இல்லை. திரையில் எண் பச்சையாக நிற்கிறது, அம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது, ஓடுகிறது ஓடுகிறது என்கிறது. இந்த முறை நான் எதையும் தொடவில்லை. எதையும் தொடக் கூடாது என்று வாய்விட்டே சொல்லிக்கொள்கிறேன், போய்க் கண்ணாடியைத் தட்டுகிறேன். எந்தக் கையால் தட்டினேன் என்று தட்டிய பிறகுதான் பார்க்கிறேன், வலது கை.

தணிகைவேல் ஓடிவருகிறார். நான் சொட்டைக் காட்டுகிறேன். அவர் பார்க்கிறார், திரையைப் பார்க்கிறார், மறுபடி சொட்டைப் பார்க்கிறார், உட்கார்ந்து சிரிஞ்சுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்க்கிறார். வாதாடுவார் என்று நினைத்தேன், ஸ்டாண்டு சரியில்லை, வயர் சரியில்லை, ஏதாவது சொல்வார் என்று. "அலாரம் அடிக்கலீங்களே" என்கிறார், யாரிடமோ கேட்கிற மாதிரி. "இல்ல." "இன்னொருக்கா பாத்துரலாமுங்களா?" போனில் படம் எடுத்துக்கொண்டு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணி மறுபடி அடிக்க விடுகிறோம். இந்தத் தடவை இரண்டு பேரும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே நிற்கிறோம். கொஞ்ச நேரத்திலேயே டிக் நின்றுபோகிறது. மறுபடி வந்துவிட்டது. காலையிலிருந்து நான் வேண்டிக்கொண்டது இதுதான், கிடைத்ததும் நேரத்தைக் குறித்துக்கொள்கிறேன். அவர் முகம் சாம்பலாக இருக்கிறது. "மேடம், ஒரு விஷயமுங்க. கோயம்புத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரில டாக்டர் ஒருத்தரு ஓட்டிப் பாத்துச் சொல்றேன்னாருங்க. எங்க முதலாளி ரெண்டு பம்பு குடுத்துட்டாருங்க." "சோதனை முடியாமலா?" "முடிஞ்சுரும்னு நெனச்சுட்டோமுங்க." "ஓடிட்டிருக்கா?" "பிள்ளைங்க வார்டுலங்க." போனை எடுக்கிறார், நம்பரைத் தேடுகிறார், மணி போகிறது, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போடுகிறார். அந்தப் பக்கம் எடுத்ததும், "வார்டுங்க, சிஸ்டர் பூங்கோதை பேசறேன்" என்று ஒரு குரல், அதற்குப் பின்னால் ஏதோ மெஷின் கூவுகிற சத்தம், ஒரு பிள்ளை, பூனைக்குட்டி மாதிரி அழுகிறது. தணிகைவேல் வாயைத் திறக்கிறார், அந்த அழுகை கேட்கிறது, வாயை மூடிக்கொள்கிறார். நான் போனை வாங்கிக்கொள்கிறேன்.

"சிஸ்டர், நான் சென்னையில சோதனைக்கூடத்துலருந்து பேசுறேன். உங்க வார்டுல புதுசா ரெண்டு சிரிஞ்சு பம்பு ஓடுதில்ல, அதை இப்பவே போய்ப் பாக்கணும். திரையைப் பாக்காதீங்க. காதை வச்சுக் கேளுங்க, டிக்குன்னு விட்டு விட்டு ஒரு சத்தம் வரணும். வந்தாலும் சரி, வராட்டியும் சரி, ரெண்டையும் எடுத்துட்டுப் பழைய பம்பு வச்சிருங்க." "ஏனுங்க மேடம், என்னாச்சுங்க?" "மருந்து நின்னாலும் அது ஓடுதுன்னுதான் காட்டுது." ரப்பர்ச் செருப்பு ஓடுகிற சத்தம். கர்த்தாவே. தணிகைவேல் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு வார்டு எவ்வளவு நீளம் இருக்கும், எத்தனை தொட்டில் இருக்கும், ஏன் அந்த அழுகை நின்றுவிட்டது, எடுத்துப் பால் கொடுத்திருப்பார்கள், இல்லை வேறு எதனாலாவது நின்றிருக்குமா? வேறு யாரோ ஒருத்தி பேசுகிறாள், கண்ணாடிச் சீசா உருளுகிறது, எனக்கு அந்த வார்டின் மணம்கூட வருகிறது. செருப்பு திரும்பி வருகிறது. "ரெண்டும் ஓடுதுங்க மேடம். சத்தம் வருதுங்க. ரெண்டையும் எடுத்துட்டு வேற வெச்சாச்சுங்க. பாப்பாங்க ரெண்டும் நல்லாருக்குதுங்க." தணிகைவேல் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார், சத்தமே இல்லாமல். நான் நன்றி சொல்லி வைக்கப் போகிறேன், அந்தப் பக்கம் போன் வைக்கிற மாதிரி இல்லை. "மேடம்." "சொல்லுங்க சிஸ்டர்." "போன வாரம் ஒரு பாப்பாவுக்கு இந்தப் புதுப் பம்பு வெச்சிருந்தேனுங்க. ரவுண்ட்ஸ் வந்தப்போ பாத்தா சிரிஞ்சு வெச்ச மாதிரியே நெறஞ்சு இருந்துச்சுங்க. பதட்டத்துல திரையப் பாக்காமயே ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேனுங்க, ஓடிருச்சுங்க. பாப்பாவுக்கு சுகர் இறங்கிப்போச்சு. டாக்டர் வந்து சரிபண்ணி, இப்ப அம்மாகிட்டக் குடுத்தாச்சுங்க. ஆனா நான் ஸ்டார்ட் பட்டனை அமுக்க மறந்துட்டேன்னு எல்லாரு முன்னாடியும் திட்டுனாங்க. நானும் மறந்துட்டேன்னுதானுங்க நெனச்சேன். அன்னிலிருந்து தூக்கமில்லீங்க, எதை அமுக்கினாலும் அமுக்குனமா அமுக்கலையான்னு திரும்பத் திரும்பப் போய்ப் பாக்கறேனுங்க." பிறகு கேட்கிறாள். "அப்ப நான் மறக்கலீங்களா மேடம்?"

நான் அந்த வார்டில் இல்லை. அவள் அமுக்கியதை நான் பார்க்கவில்லை. கண்டிப்பாக அதுதான் என்று சொல்ல விதியில் இடமில்லை, வரதராஜன் சார் இருந்தால் யோசித்துப் பேசு என்பார். மேஜைமேல் பம்பு நின்றபடியே ஓடிக்கொண்டிருக்கிறது. "இல்ல சிஸ்டர்" என்கிறேன். "நீங்க மறக்கல. இங்க எங்க கண்ணு முன்னாடியே அதே மாதிரி நின்னுச்சு, ரெண்டு தடவை. எழுதித் தர்றேன், உங்க பெரிய டாக்டர்கிட்டக் காட்டுங்க." அந்தப் பக்கம் அவள், "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொல்கிறாள். வைத்துவிடுகிறேன். போனைத் தணிகைவேலிடம் நீட்டுகிறேன். அவர் வாங்காமல் என் கையையே பார்க்கிறார். "பயந்துட்டீங்களா மேடம், கை இப்படி நடுங்குதுங்க." ஆமாம், பயந்துவிட்டேன் என்றால் முடிந்தது, யாரும் நம்பிவிடுவார்கள், இன்றைக்கு அதற்குக் காரணமும் இருக்கிறது. "பயத்துல இல்லங்க" என்கிறேன். "கொஞ்ச மாசமாவே இருக்கு." அவர் ஸ்டூலை எனக்காக இழுத்துப் போடுகிறார். உட்காருகிறேன். வரதராஜன் சாரிடம் சொல்ல வேண்டும், பம்பு ஃபெயில் என்றும், இன்னொன்றும். அதற்கு முன்னால் என் போனை எடுத்து வின்சென்ட்டைக் கூப்பிடுகிறேன். "என்ன பிள்ள, வேலை நேரத்துல?" என்கிறார். ஒண்ணுமில்ல என்று வாய்வரை வந்துவிடுகிறது. "நாளைக்கு லீவு போடுங்க" என்கிறேன், "என்னைய ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும்."